வலப்பக்கக் கண்ட்ரோல் விசை இல்லாத மடிக்கணினியில் பச்சைத் திரை: வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் வழி சொல்லுங்கள்

குடியாத்தம்_தறிவீடு | வெள்ளி, இரவு 10.12

வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு நிறுவனத்தின் மெயின்ஃபிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) பிரிவில் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் குடியாத்தத்தில் வீட்டிலிருந்து வேலை. இந்த வாரம் புது மடிக்கணினி ஒன்று தந்தார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

அலுவலகத்து மேசைக் கணினியில் எமுலேட்டரை (மெயின்ஃபிரேமின் பச்சை எழுத்துத் திரையை ஜன்னலாகக் காட்டும் மென்பொருள்) திறந்தால், வலப்பக்கக் கண்ட்ரோல் விசையை அழுத்தித்தான் திரையை அனுப்புவோம். ஏன் என்று கேட்டேன். "அப்படித்தான், பழகிக்கொள்" என்றார்கள். பழகியும்விட்டேன். இந்தப் புது மடிக்கணினியில் அந்த விசையே இல்லை. அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு உதவியைத் திறக்கும் விசை உட்கார்ந்திருக்கிறது. எண்டரைத் தட்டினால் கர்சர் அடுத்த வரிக்கு இறங்குகிறது, வேறொன்றும் நடப்பதில்லை.

பதற்றத்தில் கண்டதையும் அழுத்தினேன். திரையின் அடிவரியில் ஒரு பெருக்கல் குறியும், பக்கத்தில் இருபுறமும் அம்புகளோடு ஒரு சின்ன மனித உருவமும் வந்து நின்றன. அதன்பிறகு எந்த விசையும் ஏறவில்லை. எமுலேட்டரை மூடித் திரும்பத் திறந்தால், என் பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று உள்ளே விட மறுத்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு யாரை எழுப்பிக் கேட்பது?

கண்ட்ரோல் விசை இல்லாமல் எப்படி அனுப்புவது? அந்த மனித உருவம் என்ன சொல்கிறது? அலுவலக இயந்திரத்தைத் தொடாமல் வீட்டில் சொந்தமாகப் பழக வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ராணிப்பேட்டை_இரவுப்பணி | வெள்ளி, இரவு 10.31

முதலில் உள்ளே போகும் வழி. மெயின்ஃபிரேமுக்குள் நுழையும் டிஎஸ்ஓ லாகான் திரையில் கடவுச்சொல் கேட்கும் இடத்துக்குக் கீழே சில விருப்பங்கள் வரிசையாக இருக்கும். அதில் 'ரீகனெக்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போட்டு அனுப்புங்கள். விட்ட இடத்துக்கே கொண்டுபோய்விடும்.

அனுப்புவதற்கு விசைப்பலகை அமைப்பை மாற்ற வேண்டும். எமுலேட்டரின் மெனுவில் விசைப்பலகை என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே கணினியின் எண்டர் விசைக்கு 'எண்டர்' என்ற செயலையும், ஷிஃப்ட்டோடு சேர்ந்த எண்டருக்கு 'நியூ லைன்' என்ற செயலையும் கொடுத்துச் சேமியுங்கள். கோப்பின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கணினிக்கும் அதையே கொண்டுபோகலாம்.

இன்னொன்று. மடிக்கணினியில் எஃப்7, எஃப்8 அழுத்தினால் ஒலியோ வெளிச்சமோ மாறுகிறதா? எஃப்என் பூட்டைப் போட்டுவிடுங்கள். மெயின்ஃபிரேமில் கோப்புகளைப் பார்க்கவும் திருத்தவும் உதவும் ஐஎஸ்பிஎஃப்-இல் பக்கம் புரட்டுவதே அந்த இரண்டு விசைகள்தான். எனக்கு ஷிஃப்ட் தொடங்குகிறது, மீதியைக் காலையில் எழுதுகிறேன்.


காட்பாடி_மூத்தவர் | வெள்ளி, இரவு 11.05

பயப்படாதீர்கள் அம்மா. அந்த மனித உருவம் உங்களைக் கண்டிக்கவில்லை. "இது எழுதும் இடமில்லை, அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நகர்ந்து கொள்" என்று வழிகாட்டுகிறது. எழுதக்கூடாத இடத்தில் ஏதோ தட்டியிருக்கிறீர்கள், அதனால் விசைப்பலகை பூட்டிக்கொண்டது. ரீசெட் அழுத்தினால் திறந்துவிடும். பல எமுலேட்டர்களில் இடப்பக்கக் கண்ட்ரோல் விசைதான் ரீசெட். பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் கடிகாரம் வந்தால் எதிர்முனை, அதாவது மெயின்ஃபிரேம், வேலையாக இருக்கிறது என்று பொருள், காத்திருக்க வேண்டும். மனித உருவத்தோடு எண் குறி வந்தால், எண் மட்டும் ஏற்கும் இடத்தில் எழுத்தைப் போட்டிருக்கிறீர்கள். இந்த அடிவரியைப் படிக்கக் கற்றுக்கொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, "அப்படித்தான்" என்று சொன்னார்களே, அதற்குக் காரணம் இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் 1983-இல் சவுதிக்குப் போனேன். அங்கே என் மேசையில் இருந்தது ஐபிஎம் 3278 முனையம், அதாவது மெயின்ஃபிரேமோடு பேசும் திரையும் விசைப்பலகையும். அந்தக் குடும்பத்தை ஐபிஎம் 1971-இல் கொண்டுவந்தது, மொத்தத்துக்கும் 3270 என்று பெயர். அந்த விசைப்பலகையில் வலப்பக்கம், இன்று எண்டர் இருக்கும் பெரிய இடத்தில் இருந்தது 'அடுத்த வரி' விசை. திரையை அனுப்பும் எண்டர், இடைவெளிப் பட்டைக்கு வலப்பக்கத்தில், கட்டைவிரல் எட்டும் தூரத்தில் இருந்தது. கணினி விசைப்பலகையில் அதே இடத்தில் இருப்பது எது? வலப்பக்கக் கண்ட்ரோல். எமுலேட்டர் செய்தவர்கள், முனையத்தில் பழகிய விரல்கள் தடுமாறக்கூடாது என்று அந்த இடத்தையே எண்டர் ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களின் கைப்பழக்கத்துக்குக் கொடுத்த மரியாதை அது.

அந்த முனையம் தனியாக ஒன்றும் செய்யாது. பின்புறம் ஒரு கோஆக்ஸ் கேபிள், கேபிள் டிவிக்கு வருவது போல. அது 3274 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். ஒரு பெட்டியில் 32 முனையங்கள் வரை இணைக்கலாம். பிறகு மேசைக் கணினி வந்தது. ஒரே மேசையில் இரண்டு திரைக்கு இடமேது? 1982-இல் டிசிஏ நிறுவனம் 'இர்மா' என்ற அட்டையைக் கொண்டுவந்தது. அதைக் கணினிக்குள் செருகி, முனையத்திலிருந்து கழற்றிய கேபிளை அதில் மாட்டினால் போதும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு எதிரே இருப்பது முனையமா கணினியா என்று தெரியாது. மறுவருடம் ஐபிஎம் தானே 3270 பிசி என்று ஒன்றை விற்றது. நீங்கள் இன்று திறக்கும் ஜன்னலின் பூர்வீகம் இதுதான்.


குடியாத்தம்_தறிவீடு | வெள்ளி, இரவு 11.20

ரீகனெக்ட் வேலை செய்தது! எண்டர் விசையும் மாறிவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, நான்கு மாதமாக மனப்பாடமாகச் செய்ததற்குக் காரணம் தெரிந்ததில் அப்படியொரு நிம்மதி.


பாகாயம்_மாணவன் | சனி, காலை 8.40

மரியாதையோடுதான் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் இறுதியாண்டு படிக்கிறேன். 24 வரி, 80 எழுத்து, மவுஸ் இல்லை. இதை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஸோவி போன்ற திறந்த மென்பொருள்கள் 2018-இலிருந்தே இருக்கின்றன. விஎஸ் கோட் என்ற நிரல் திருத்தியிலேயே மெயின்ஃபிரேம் கோப்புகளைத் திறக்கலாம், திருத்தலாம், ஜாப் (ஓட்ட வேண்டிய வேலை) அனுப்பலாம். புதிதாக வருபவர்களை இந்தப் பழைய விசைகளில் வதைப்பதைவிட, அந்தப் பக்கம் திருப்பிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

காட்பாடி ஐயாவுக்கு ஒரு கேள்வியும் உண்டு. ரயில்வே முன்பதிவு கவுண்ட்டரில் பார்க்கிற கறுப்புத் திரையும் இதே 3270 தானா?


காட்பாடி_மூத்தவர் | சனி, காலை 9.30

கேட்பதில் தவறே இல்லை தம்பி. ரயில்வே கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அது வேறு பரம்பரை. முன்பதிவு அமைப்பு டெக் என்ற கணினி நிறுவனத்தின் வழிவந்த விஎம்எஸ் இயங்குதளத்தின் மீது வளர்ந்தது. அந்த வீட்டின் முனையம் விடி வகை. 1978-இல் வந்த விடி100-ஐத்தான் இன்று லினக்ஸ் டெர்மினல் ஜன்னல்கள் எல்லாம் நடித்துக் காட்டுகின்றன. இரண்டும் கறுப்பாக இருப்பதால் ஒன்றென்று தோன்றும். உள்ளே குணம் நேர் எதிர்.

விடி வகையில் நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அப்போதே எதிர்முனைக்குப் போய், அது திருப்பி அனுப்பினால்தான் திரையில் தெரியும். 3270 அப்படியில்லை. காட்பாடி சந்திப்பில் முன்பதிவுப் படிவம் நிரப்பியிருப்பீர்கள். ஓரமாக நின்று ரயில் எண், தேதி, பெயர், வயது எல்லாவற்றையும் எழுதுகிறோம். அடித்து எழுதுவதும் நம் கையில். அச்சடித்த தலைப்புகளின் மேல் எழுதுவதில்லை, வெற்றிடத்தில் மட்டும் எழுதுகிறோம். முழுதும் நிரப்பிய பிறகுதான் கவுண்ட்டரில் நீட்டுகிறோம். 3270 திரை அந்தப் படிவம். எண்டரோ பிஎஃப் விசையோ (எஃப்7, எஃப்8 போன்றவை) அழுத்தும்வரை எதிர்முனைக்கு ஒரு எழுத்தும் போகாது. அழுத்தினாலும் முழுத் திரை போகாது. ஒவ்வொரு புலத்தின் (படிவத்தின் தனித்தனி இடம்) தலைமாட்டிலும் ஒரு பண்புக் குறி திரையில் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. இது பூட்டிய புலமா, எண் மட்டுமா, மறைக்க வேண்டியதா, நீங்கள் தொட்டீர்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். தொட்ட புலங்கள் மட்டும் பயணம் போகும்.

இதன் அருமை எனக்கு 1998-இல் சென்னையில் தெரிந்தது. 2000-ஆம் ஆண்டுச் சிக்கலுக்காக அமெரிக்க வாடிக்கையாளரின் கோபால் மொழி நிரல்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். இணைப்பு செயற்கைக்கோள் வழி. அது பூமிக்கு மேல் 36,000 கிலோமீட்டரில் நிற்கிறது. ஒரு செய்தி போய்ப் பதில் திரும்ப அரை வினாடி வானத்திலேயே கழியும். ஒவ்வோர் எழுத்துக்கும் அரை வினாடி காத்திருந்தால் ஒரு வரி தட்டுவதற்குள் மனம் வெறுத்துவிடும். 3270-இல் அந்தத் தாமதம் விரலுக்குத் தெரியவே தெரியாது. திரையை நிரப்பும் வேகம் நம் வேகம்தான், அனுப்பும்போது மட்டும் ஒரு மூச்சு காத்திருப்போம். அன்று பக்கத்து அறையில், எழுத்துக்கு எழுத்து அனுப்பும் யூனிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன்.

பழையது என்பதற்காக இதைத் தாங்கிப் பேசவில்லை தம்பி. படிவம் நிரப்பும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் இன்றுவரை பார்க்கவில்லை.


ராணிப்பேட்டை_இரவுப்பணி | சனி, காலை 10.15

ஷிஃப்ட் முடிந்துவிட்டது. தூங்கப்போகுமுன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

குடியாத்தம் சகோதரிக்கு அடுத்து வரப்போகும் தொல்லை இன்சர்ட். ஒரு வரியின் நடுவில் எழுத்து நுழைக்கப் போனால், வரியின் பின்பகுதி வெறுமையாகத் தெரிந்தாலும், இடமில்லை என்று பூட்டிக்கொள்ளும். கண்ணுக்கு வெறுமையாகத் தெரிவது உண்மையில் இடைவெளி எழுத்துகள். இடைவெளியும் ஓர் எழுத்துதான், அது நகர்ந்து இடம் தராது. நல் எனப்படும் உண்மையான வெறுமைதான் இடம் தரும். வரியின் கடைசி எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து, வரிமுடிவு வரை அழிக்கும் 'இரேஸ் ஈஓஎஃப்' விசையைத் தட்டுங்கள். பல எமுலேட்டர்களில் அது எண்ட் விசை. ஐஎஸ்பிஎஃப் திருத்தியில் 'நல்ஸ் ஆன்' என்று ஒருமுறை கொடுத்துவிட்டால் தினமும் இந்தப் போராட்டம் இல்லை.

இன்னும் 24 வரியிலேயே இருக்கிறீர்களா? முனையத்தில் மாடல் 2 என்பது 24 வரி, மாடல் 3 என்பது 32, மாடல் 4 என்பது 43. மாடல் 5-இல் 27 வரி, ஆனால் அகலம் 132 எழுத்து. எமுலேட்டர் அமைப்பில் மாற்றலாம். சில இடங்களில் எதிர்முனையிலும் அனுமதி தேவைப்படும், குழுத்தலைவரிடம் கேளுங்கள். 43 வரியில் நிரலைப் படித்த கண், 24-க்குத் திரும்பாது.

மாணவத் தம்பிக்கு: நிரல் எழுதுவதற்கு நீங்கள் சொன்ன வழிதான் வசதி. நானே ஸோவி பயன்படுத்துகிறேன். ஆனால் வாடிக்கையாளரின் ஊழியர் நாள் முழுக்கப் பார்ப்பது, பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் என்ற மெயின்ஃபிரேம் மென்பொருளின் திரையை. அதில் ஒரு கோளாறு என்றால், அவர் பார்க்கும் திரையையே நான் பார்த்தாக வேண்டும். அதிகாலை இரண்டு மணிக்கு எல்லா இணையச் சேவையும் படுத்துக்கொண்ட நிலையிலும் 3270 இணைப்பு கிடைத்திருக்கிறது. அந்தக் கதவின் சாவி கையில் இல்லாதவரைத் தனியாக ஷிஃப்ட்டில் விட எனக்கு மனம் வராது.


பாகாயம்_மாணவன் | சனி, காலை 10.50

செயற்கைக்கோள் விஷயம் எனக்குத் தெரியாது ஐயா. படிவ உவமை நன்றாகப் புரிந்தது. ஆனாலும் ஒன்று. படிவத்தை நிரப்பி ஒரே தடவையில் அனுப்புவதைத்தானே இணையப் பக்கமும் செய்கிறது? அப்படியானால் அந்தத் திரைகளையெல்லாம் இணையப் பக்கமாக மாற்றிவிடலாமே.


ஆம்பூர்_சோதனையாளர் | சனி, மதியம் 1.20

மாற்றினார்கள். அதில் என் கை சுட்டது. சொல்கிறேன், கேளுங்கள்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் மெயின்ஃபிரேம் நிரலைத் தொட யாருக்கும் துணிவில்லை. மேலே ஓர் அழகான முகப்பு மட்டும் போட்டார்கள். பின்னால் என்ன நடக்கிறது? ஒரு கணினியில் எமுலேட்டர் திறந்திருக்கும். இஹெச்எல்எல்ஏபிஐ என்ற இணைப்பு வழியாக ஒரு நிரல் மனிதரைப் போல விசை தட்டும், திரையில் குறிப்பிட்ட வரியில், குறிப்பிட்ட கட்டத்திலிருந்து எழுத்துகளைப் படிக்கும். நான்தான் அந்த நிரலைச் சோதித்தவன். 7-ஆம் வரி, 15-ஆம் கட்டத்தில் கணக்கு எண். எல்லாம் ஒழுங்காகப் போனது.

ஒரு திங்கட்கிழமை, மெயின்ஃபிரேம் குழுவினர் திரையின் மேலே ஓர் அறிவிப்பு வரியைச் சேர்த்தார்கள். எல்லாம் ஒரு வரி கீழே இறங்கியது. எங்கள் நிரலுக்குக் கண் இல்லை. 7-ஆம் வரியில் இப்போது வந்திருந்த பழைய தொடர்பு எண்ணைக் கணக்கு எண் என்று எடுத்துக்கொண்டது. எண்களின் நீளமும் ஒன்று, சந்தேகம் எழ வழியில்லை. மதியம் ஒரு கிளையிலிருந்து தொலைபேசி வந்த பிறகுதான் நிறுத்தினோம். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட முகவரிகள் ஆள்மாறி ஏறியிருந்தன. ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினோம். அன்று இரவு ஆம்பூருக்குக் கடைசி ரயிலும் போய்விட்டது. அலுவலகத்திலேயே விடிந்தது.

அதிலிருந்து எமுலேட்டர் மேல் நிரல் எழுதும் யாரைப் பார்த்தாலும் நான் சொல்வது இதுதான். எந்தத் திரையில் நிற்கிறோம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள், அதன் தலைப்பைப் படித்துப் பாருங்கள். மதிப்பை எடுக்குமுன் அதன் இடப்பக்கத்தில் 'கணக்கு எண்' என்ற தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஊகிக்க விடாதீர்கள். விசைப்பலகை பூட்டுத் திறந்ததா என்று பார்க்காமல் அடுத்த விசையைத் தட்டாதீர்கள். இரண்டு வினாடி காத்திரு, மூன்று வினாடி காத்திரு என்று எழுதி வைப்பது பேராபத்து. மாதக் கடைசியில் எதிர்முனைக்கு ஐந்து வினாடி ஆகும்.

இலவசக் கருவிகளில் எஸ்3270 இந்த வேலைக்கு நல்லது. திரையே இல்லாமல் கட்டளைகளால் ஓடும். பூட்டுத் திறக்கும்வரை காத்திருக்க அதில் தனிக் கட்டளை உண்டு. திரையின் எழுத்துகளைப் படிக்கும் அதன் ஆஸ்கி கட்டளையில் வரிசை எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். திரையில் ஏழாவது வரி, அங்கே ஆறு.


ராணிப்பேட்டை_இரவுப்பணி | சனி, மதியம் 1.45

தூக்கம் வரவில்லை, இதைப் படித்தேன். இதோடு சேர்ந்த ஒன்று. பூட்டிய புலம், மறைத்த புலம் இரண்டையும் காப்பது முனையம்தான். முனையத்தின் இடத்தில் ஒரு மென்பொருள் வந்த பிறகு, அந்தப் பூட்டை மதிக்காத மென்பொருளையும் ஒருவர் எழுத முடியும். மறைத்த புலத்தின் எழுத்துகள் எமுலேட்டரின் நினைவகத்தில் இருக்கத்தான் செய்கின்றன. எனவே "அந்த இடத்தில் யாரும் எழுத முடியாது" என்று நம்பி நிரல் எழுதாதீர்கள். வந்து சேர்ந்த எல்லாவற்றையும் எதிர்முனையில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இந்தத் திரைகளை வலைப்பின்னல் வழியாகக் கொண்டுவரும் டிஎன்3270 என்பது, டெல்நெட் என்ற பழைய இணைப்பு முறையின் மேல் ஓடுவது. 1994-இல் ஆர்எஃப்சி 1576 என்ற இணைய ஆவணமாகவும், அச்சுப்பொறி வசதிகளோடு விரிந்த வடிவம் 1998-இல் ஆர்எஃப்சி 2355 ஆகவும் எழுதி வைக்கப்பட்டது. வெறும் டெல்நெட் என்றால் கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டையில் போகிறது. டிஎல்எஸ் என்ற மறையாக்கம் போட்ட இணைப்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.


வாலாஜா_வாத்தியார் | சனி, மாலை 5.10

வீட்டில் பழகுவது பற்றிய மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. அது என் பாடம்.

வாலாஜா பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கற்பிக்கிறேன். எங்களிடம் மெயின்ஃபிரேம் இல்லை, வாங்கவும் முடியாது. ஆனால் ஹெர்குலிஸ் இருக்கிறது. ரோஜர் பவுலர் என்பவர் 1999-இல் வெளியிட்ட மென்பொருள் இது. இதுவரை பேசியது முனையத்தைப் போல நடிக்கும் மென்பொருளைப் பற்றி. இது மெயின்ஃபிரேமையே நடித்துக் காட்டுகிறது. அதன்மேல் எம்விஎஸ் 3.8 என்ற பழைய இயங்குதளத்தை ஓட்டலாம். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. எல்லாம் தயாராகக் கட்டிய தொகுப்பு டிகே4-, அதற்குப் பின் வந்தது டிகே5. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். ஆய்வகத்தில் ராஸ்பெரி பை என்ற ஒரு சின்னஞ்சிறு கணினியில் ஓட்டி, அதில் பன்னிரண்டு மாணவர்களை ஒரே நேரத்தில் உள்ளே விட்டிருக்கிறேன்.

இணைக்க எக்ஸ்3270 என்ற எமுலேட்டர் குடும்பம் போதும். பால் மேட்டிஸ் என்பவர் 1990களிலிருந்து பராமரித்து வருகிறார். லினக்ஸில் ஜன்னலாக எக்ஸ்3270, எழுத்துத் திரைக்குள் சி3270, விண்டோஸில் டபிள்யூசி3270. ஹெர்குலிஸ் ஓடும் கணினியின் 3270 என்ற எண்ணுள்ள போர்ட்டுக்கு இணைத்தால் லாகான் திரை வரும். ஹெர்க்01 என்ற பெயர் தயாராக இருக்கும், கடவுச்சொல் தொகுப்போடு வரும் குறிப்பில் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். இதில் இன்றைய ஐஎஸ்பிஎஃப் இல்லை, அதைப்போன்ற திருத்தி இருக்கிறது. கோபாலும் மிகப் பழையது. நிபந்தனையை முடிக்கும் எண்ட்-இஃப் என்ற சொல் கிடையாது, முற்றுப்புள்ளி வைத்த இடத்தில்தான் நிபந்தனை முடியும். ஒரு புள்ளி தவறினால் நிரலின் பொருளே மாறிவிடும். என் மாணவர்கள் முற்றுப்புள்ளியை மதிக்கக் கற்றது இங்கேதான். இன்றைய மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட்ஓஎஸ்ஸை வீட்டு ஹெர்குலிஸில் ஏற்ற உரிமம் இடம் தராது, அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். உண்மையான இசட்ஓஎஸ்ஸில் பழக ஐபிஎம் நடத்தும் இசட் எக்ஸ்ப்ளோர் இருக்கிறது, இலவசம்.

கணினி வரலாற்றில் நம் ஊர்க்காரர் மனத்தில் குழம்பும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலூரில் சி.எம்.சி. என்றால் 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை. 1978-இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனபோது, அது விட்டுச்சென்ற இயந்திரங்களைப் பராமரித்த அரசு நிறுவனத்துக்கும் சி.எம்.சி. என்றுதான் பெயர். பழைய கணினிக் கட்டுரையில் அந்த மூன்றெழுத்தைப் பார்த்த மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் மருத்துவமனை என்றே எழுதி வருகிறார்கள்.


பாகாயம்_மாணவன் | ஞாயிறு, காலை 11.30

வாத்தியார் சொன்னபடி நேற்றிரவே நிறுவிவிட்டேன். இரண்டு மணிநேரத்தில் லாகான் ஆகிவிட்டது. சி மொழியில் எழுதிய ஒரு சின்னக் கோப்பை ஏற்றினேன். சதுர அடைப்புக்குறி இருந்த இடத்தில், ஒரு பக்கம் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஒய்', இன்னொரு பக்கம் வெறும் இரண்டு புள்ளிகள். கோப்பு கெட்டுவிட்டதா?


வாலாஜா_வாத்தியார் | ஞாயிறு, பகல் 12.05

கெடவில்லை. அந்தக் கோட்டு 'ஒய்'யைப் பார்க்காத மெயின்ஃபிரேம்காரர் கிடையாது.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையில் மெயின்ஃபிரேம் பேசுவது ஆஸ்கி இல்லை, எப்சிடிக். ஆங்கில 'ஏ'வுக்கு ஆஸ்கியில் 65, எப்சிடிக்கில் 193. அதிலும் எழுத்துகள் தொடர்ச்சியாக இல்லை. 'ஐ' 201-இல் முடிகிறது, அடுத்த 'ஜே' 209-இல் தொடங்குகிறது. துளையட்டைக் காலத்தின் மிச்சம் இது. எப்சிடிக்கிலும் பல பக்கங்கள், அதாவது எழுத்துக்கு எண் தரும் அட்டவணைகள், உண்டு. 1047 என்ற பக்கத்தில் இடச் சதுர அடைப்பு 173, வலம் 189. 037 என்ற பக்கத்தில் 186, 187. உங்கள் கோப்பில் 1047 இருக்கிறது, எமுலேட்டர் 037 என்று நினைத்துப் படிக்கிறது. 037-இல் 173 என்பது அந்தக் கோட்டு 'ஒய்'. எமுலேட்டர் அமைப்பில் பக்கத்தை மாற்றிப் பாருங்கள்.

இரண்டு மணிநேரத்தில் லாகான் வரை வந்தது பெரிய விஷயம், பாராட்டுகள்.


ஆம்பூர்_சோதனையாளர் | ஞாயிறு, பகல் 12.40

எப்சிடிக் பேச்சு வந்ததால்: வரிசைப்படுத்தலும் மாறும். ஆஸ்கியில் எண் முன்னே, எழுத்து பின்னே. எப்சிடிக்கில் எழுத்து முன்னே, எண் பின்னே. கணினியில் வரிசைப்படுத்திய கோப்பையும் மெயின்ஃபிரேமில் வரிசைப்படுத்தியதையும் வரிக்கு வரி ஒப்பிட்டால் பாதி பொருந்தாது. பிழை என்று ஓடிவரும் புதியவர்கள் அதிகம்.

எமுலேட்டரின் கோப்புப் பரிமாற்றத்தில், ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் அடைக்கும் பேக்டு டெசிமல் எண்கள் உள்ள கோப்பை எழுத்தாக மாற்றி இறக்காதீர்கள். 12345 என்ற எண் மூன்றே பைட்டில் சுருங்கியிருக்கும். மாற்றியது அதையும் எழுத்தென்று நினைத்துக் குதறிவிடும், திரும்பப் பெற முடியாது. எதையும் மாற்றாமல் பைனரியாக இறக்குங்கள்.


பாகாயம்_மாணவன் | ஞாயிறு, மதியம் 2.15

பக்கத்தை மாற்றினேன், அடைப்புக்குறி வந்துவிட்டது. நன்றி சார்.

ஒரு ஆசை. இந்தத் திரையில் தமிழ் வருமா?


காட்பாடி_மூத்தவர் | ஞாயிறு, மதியம் 3.00

எனக்கும் அந்த ஆசை இருந்தது தம்பி, 1983-இலிருந்து. இந்தத் திரை ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில் கட்டியது. 'கொ' என்று எழுதிப் பாருங்கள். காகிதத்தில் மூன்று உருவம், காதுக்கு ஓரெழுத்து, யூனிகோடில் இரண்டு குறி. 80 கட்டம் போட்ட வரியில் அதற்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது? ஜப்பானியருக்கும் சீனருக்கும் இரட்டை பைட் ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் எழுத்து ஒவ்வொன்றும் சமமான சதுரம், இரண்டு கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. நம் எழுத்து 'இ' ஓர் அகலம், 'ஔ' ஓர் அகலம். இன்று தரவுத்தளத்தில் யூனிகோடாகத் தமிழைச் சேமிக்கலாம், இணையப் பக்கத்தில் காட்டலாம். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் இணையப் பக்கத்தின் பக்கமே நானும் நிற்கிறேன்.


குடியாத்தம்_தறிவீடு | ஞாயிறு, இரவு 9.25

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். டிகே5-ஐ என் சொந்தப் பழைய மடிக்கணினியில் நிறுவிவிட்டேன். அலுவலகக் கணினியைத் தொடவில்லை.

மாலையில் மின்சாரம் போய் பிராட்பேண்டும் போய்விட்டது. அலுவலகத்தில் ஓர் அவசரத் திருத்தம் கேட்டார்கள். கைப்பேசியின் இணையத்தைக் கொடுத்து எமுலேட்டரைத் திறந்தேன். இங்கே சிக்னல் ஒரு கோடுதான். ஆனால் நாற்பது வரி திருத்தும்போது ஒரு தடுமாற்றமும் தெரியவில்லை. எண்டர் அழுத்தியபோது மட்டும் கடிகாரக் குறி வந்து கொஞ்சம் நின்று போனது. ஐயா சொன்ன செயற்கைக்கோள் கதை அப்போது கண்முன் வந்தது. அப்பா தறியை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து நின்று, "இவ்வளவு பெரிய எழுத்தா, எனக்கே படிக்க முடிகிறதே" என்றார். அடிவரியில் வரும் குறிகளை அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

43 வரித் திரை கேட்டு நாளைக் காலை குழுத்தலைவருக்கு எழுதுகிறேன். காட்பாடி ஐயா, அந்தப் பழைய விசைப்பலகையின் படம் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? எண்டர் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.


காட்பாடி_மூத்தவர் | ஞாயிறு, இரவு 9.50

படம் எதற்கு அம்மா? விசைப்பலகையே இருக்கிறது. ஊர் திரும்பும்போது அந்த அலுவலகத்தில் கழித்துக்கட்டியதைக் கேட்டு வாங்கி வந்தேன். 3278-க்குப் பின் வந்த வகை அது: 122 விசை, மேலே இரண்டு வரிசையில் 24 பிஎஃப் விசைகள். பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். தூக்கினால் அம்மிக்குழவி போலக் கனக்கும். இன்றைய கணினியில் செருக இடையில் ஒரு மாற்றி வேண்டும்.


வாலாஜா_வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.02

ஐயா, மாற்றி எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வகம் திறந்திருக்கும். ராஸ்பெரி பையில் எம்விஎஸ்ஸை ஓட்டி வைக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் எல்லோரும் வாருங்கள். பாகாயம் தம்பி அவசியம் வர வேண்டும்.


காட்பாடி_மூத்தவர் | ஞாயிறு, இரவு 10.10

நிச்சயம் வருகிறேன். குடியாத்தத்திலிருந்து வரும் பெண்ணுக்கு முதல் இருக்கை. லாகான் திரையை நிரப்பிவிட்டு, இடைவெளிப் பட்டைக்கு வலப்பக்கம் கட்டைவிரலை நகர்த்தி அழுத்துங்கள் அம்மா. எண்டர் அங்கேதான் இருக்கும்.